ஸ்பேனர் கார்னர்: தண்ணி சொட்டுற இடம் வேற... ஓட்டை வேற!

இந்த வாரம் தண்ணி மேட்டர் மக்கா! அந்தத் தண்ணி இல்லை, எழுந்த பின் பெஞ்ச் பார்ட்டிகள் எல்லாம் அப்படியே உட்காருங்க. இது பைப்புல வர்ற தண்ணி. ஆனா, மேட்டர் இதுலயும் கிக்காதான் இருக்கும்.

முதல்ல ஒரு கேள்வி. ஒரு பம்ப் ஓடிக்கிட்டு இருக்கு. பைப்பில் நிச்சயமா ஒரு லீக் இருக்கு. ஆனா, எங்க தடவிப் பார்த்தாலும் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. எப்படி?

'லீக்னா தண்ணி வெளியே வரணுமே சார்'னு சொல்றவங்க, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டை இன்னொரு முறை புரட்டுங்க. விடை தெரிஞ்சவங்களும் கூடவே வாங்க. ஏன்னா, இந்த ஒரு விஷயம் தெரியாம நல்லா இருக்குற பம்பைக் கழட்டிப் போட்டுட்டு புது பம்ப் வாங்குறவங்க இருக்காங்க. நம்ம இன்னிக்கு கேஸ் ஸ்டடி, இங்கிலாந்துத் தெருக்கள்ல நிக்கிற ஒரு வேன்.

வேனுக்குள்ள என்னப்பா இருக்கு?

பிரிட்டன்ல ஜன்னல் கண்ணாடி துடைக்கிறது ஒரு முழு நேரத் தொழில். நிறைய பேர் தனி ஆளாவே செய்றாங்க. முன்னாடி தோள்ல ஏணி, கையில் பக்கெட். 2005 ஏப்ரல் 6-ல அங்கே உயரத்துல செய்யுற வேலைகளுக்கான பாதுகாப்பு விதிகள் அமலுக்கு வந்துச்சு. ஏணியை ஒரேயடியாத் தடை பண்ணலை. ஆனா, தரையில நின்னே முடிக்கக்கூடிய வேலைக்கு மேல ஏறாதேங்கிறதுதான் அதோட அடிப்படை. அதனால நீளமான கம்பு, அதன் நுனியில பிரஷ், பிரஷ்ஷுக்குள்ள தண்ணி பீச்சுற ஓட்டைகள்னு ஒரு செட்டப் வேகமாப் பரவிச்சு. தரையில் நின்னபடியே மூணாவது மாடி ஜன்னலைக் கழுவிடலாம்.

இதுக்குச் சாதாரணத் தண்ணி ஆகாது. நம்ம பாத்ரூம் குழாயில உப்புத் தண்ணி காஞ்சு வெள்ளைத் திட்டு படியுதுல்ல? அதே கதைதான். அதனால ஆர்.ஓ., அப்புறம் ரெசின் வழியா வடிகட்டி, டி.டி.எஸ். கிட்டத்தட்ட ஜீரோ ஆகுற வரைக்கும் சுத்தம் பண்ணின தண்ணியை ஊத்துறாங்க. துடைக்கவே வேண்டாம். காஞ்சா கறை இருக்காது.

அந்தத் தண்ணி போற ரூட்டை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. வேனுக்குள்ள ஒரு டேங்க். அதுலேர்ந்து பைப், ஒரு சின்ன ஃபில்டர், அப்புறம் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப். பம்புக்கு அப்புறம் ஹோஸ் ரீல், 100 மீட்டர் வரைக்கும் ஒல்லியான டியூப், கடைசியில கம்பு. பம்பை ஓட்ட தனியா ஒரு பேட்டரி, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர். இவ்வளவுதான்.

இந்த ரூட்டை நடுவுல ஒரு கோடு போட்டு ரெண்டாப் பிரிக்கணும். கோடுதான் பம்ப். அதுக்கு முன்னாடி இருக்குறது உறிஞ்சுற பக்கம். பின்னாடி இருக்குறது தள்ளுற பக்கம். ஓட்டை ரெண்டு பக்கமும் விழலாம். ஆனா, ரெண்டும் காட்டுற அறிகுறி நேர் எதிர்!

ரோஸ்மில்க் தியரி

கேன்டீன்ல ஸ்ட்ரா போட்டு ரோஸ்மில்க் குடிக்கிறீங்க. ஸ்ட்ராவோட நடுவுல ஒரு குட்டி ஓட்டை. உறிஞ்சும்போது அந்த ஓட்டை வழியா ரோஸ்மில்க் வெளியே சொட்டுமா? சொட்டாது. காத்து உள்ளே வரும். 'சர்ர்ர்'னு சத்தம் மட்டும் வரும், வாய்க்குப் பாதிதான் வந்து சேரும். அதே ஸ்ட்ராவில் ஊதினா? ஓட்டை வழியா பிசிறி அடிச்சு பக்கத்துல இருக்குறவன் சட்டை காலி.

உறிஞ்சுற பக்கத்துல ஓட்டை இருந்தா பம்ப் ஓடும்போது தண்ணி வெளியே வராது, காத்து உள்ளே போகும். ஏன்னா அங்கே பிரஷர் வெளிக்காற்றைவிடக் குறைஞ்சுபோகுது. முதல் கேள்விக்கு விடை இதுதான். ஈரமே இல்லாத லீக்!

இதுல ஒரு கூடுதல் ட்விஸ்ட். வேன்ல பெரும்பாலும் டேங்க் தண்ணி மட்டம் பம்புக்கு மேலதான் இருக்கும். அதனால பம்ப்பை ஆஃப் பண்ணினதும் அதே ஓட்டை வழியா மெதுவாத் தண்ணி கசிய ஆரம்பிக்கும். ஓடும்போது காத்தை இழுக்கும், நின்னா தண்ணியை விடும். சாயங்காலம் சுத்தமா இருந்த வேன், காலையில் ஈரமா இருந்தா முதல் சந்தேகம் இந்தப் பக்கம்தான்.

முதல்ல கை வைக்காதீங்க!

ஈரத்தைப் பார்த்ததும் ஸ்பேனரைத் தூக்குறது நம்ம ஊர் பழக்கம். வேண்டாம். முதல் வேலை, பேட்டரி கனெக்‌ஷனைத் துண்டிக்கிறது. 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனா ஷார்ட் ஆனா ஒயர் சூடேறிப் பத்திக்கும். 'சுத்தமான தண்ணி கரன்ட்டைக் கடத்தாதே'ன்னு கெமிஸ்ட்ரி பேசாதீங்க. டேங்க்குக்குள்ள இருக்குற வரைக்கும்தான் அது சுத்தம். வேன் தரையில இருக்குற அழுக்கோட கலந்துட்டா அதுவும் சாதாரணத் தண்ணிதான்.

ரெண்டாவது வேலை, எல்லாத்தையும் துடைச்சுக் காய வைக்கிறது. ராஜேஷ்குமார் க்ரைம் நாவல் மாதிரிதான் இது. பிணம் கிடக்குற இடத்துல கொலை நடந்திருக்கணும்னு அவசியம் இல்லை. தண்ணி டியூப் மேலயே வழிஞ்சு வந்து, வளைவு தாழ்வா இருக்குற இடத்துல சொட்டும். வேன் சரிவுல நின்னா, முன்னாடி விழுந்த தண்ணி பின்னாடி கதவுகிட்ட குளம் கட்டும். அதனால ஈரம் இருக்குற இடத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. காய்ஞ்ச இடத்துலேர்ந்து ஆரம்பிங்க.

துடைச்ச பிறகு ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் சுத்துங்க. எந்தப் பேப்பர் முதல்ல நனையுதோ அவர்தான் குற்றவாளி. இதுக்கு லட்ச ரூபாய் மெஷின் எல்லாம் தேவை இல்லை.

ஒரு எச்சரிக்கை. டேங்க் முழுக்க பனித்துளி மாதிரி ஒரே சீரா ஈரம் இருந்தா அது லீக்கே இல்லாம இருக்கலாம். குளிர்ந்த டேங்க், ஈரக்காற்று... ஐஸ் வாட்டர் டம்ளர் வியர்க்குற அதே கதை. நிரபராதியைத் தண்டிச்சிடாதீங்க!

டெஸ்ட் 1: பம்ப் ஆஃப்

டேங்க் தண்ணி மட்டத்துல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போடுங்க. பம்ப்பை ஆஃப் பண்ணிட்டு, வேனை நகர்த்தாம ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் மட்டம் இறங்கியிருந்தா, டேங்க்கிலேயோ டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவுலேயோ தேடுங்க.

சின்னச் சொட்டுதானேன்னு நினைச்சா ஒரு கணக்குப் போடுவோம். சுமாரா 20 சொட்டு ஒரு மில்லி. செகண்டுக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. அதாவது 4 லிட்டருக்கும் மேல! வேன் தரையில போட்டிருக்குற ப்ளைவுட் அதைக் குடிச்சு ஊறிடும். அதுக்கு அடியில தகடு சத்தமில்லாம துருப்பிடிக்கும்.

டெஸ்ட் 2: பம்ப் ஆன், குழாய் குளோஸ்

கம்புல தண்ணி திறந்து ஓடும்போது சிஸ்டத்துல பிரஷர் கம்மிதான். கடைசி வால்வை மூடுங்க. அப்போதான் பிரஷர் ஏறும். இந்த வகை பம்ப்கள் பலதும் 100 பி.எஸ்.ஐ. வரைக்கும் ஏறி, அப்புறம் தானா நிக்கும். 100 பி.எஸ்.ஐ.ன்னா சுமார் 70 மீட்டர் உயரத் தண்ணிக் கம்பத்தோட அழுத்தம். டேங்க்ல இருக்குற அரை மீட்டர் தண்ணி கொடுக்குற அழுத்தத்தைப்போல 140 மடங்கு! பம்ப் ஓடாதப்போ கம்முனு இருக்குற ஜாயின்ட், குழாயை மூடினாத்தான் வாயைத் திறக்கும்.

மூடின பிறகு பம்ப் நின்னுடுச்சா? காதைத் தீட்டிக் கேளுங்க. யாரும் தண்ணியைத் தொடாதப்பவே கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை 'டர்ர்'னு தானா ஓடி நின்னா, எங்கேயோ பிரஷர் இறங்குதுன்னு அர்த்தம். தள்ளுற பக்கத்து லீக்கோட கையெழுத்து இது.

இப்போ ரூட்டைப் பாதி பாதியா வெட்டுங்க. பம்புக்கும் ரீலுக்கும் நடுவுல வால்வு இருந்தா அதை மூடுங்க. 'டர்ர்' நின்னுடுச்சா? திருடன் ரீல் பக்கம். நிக்கலையா? திருடன் பம்ப் பக்கம். சி புரோகிராம்ல பைனரி சர்ச் எழுதினோமே, அதேதான். நூறு மீட்டர் டியூபை இன்ச் இன்ச்சாத் தடவ வேண்டாம்.

பம்ப் பக்கம்னு வந்தும் வெளியே எங்கேயும் ஈரம் இல்லையா? பம்புக்குள்ள இருக்குற வால்வு சரியா மூடாம தண்ணி டேங்க்குக்கே திரும்பலாம். லீக்கே இல்லாம கன்ட்ரோலர் செட்டிங் மாறிப்போனாலும், பேட்டரி டவுனா இருந்தாலும்கூட பம்ப் விட்டு விட்டு ஓடும். அதனால பேட்டரி வோல்டேஜை ஒரு மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்துட்டு மேல போங்க.

வழக்கமான குற்றவாளிகள்

உறிஞ்சுற பக்கத்துல முதல் ஆள் ஃபில்டர். சுத்தம் பண்ணிட்டு மூடும்போது ஓ-ரிங் நழுவி உட்கார்ந்திருக்கும், இல்லேன்னா மூடி மரை மாறி ஏறியிருக்கும். ஃபில்டர் அடைச்சிருந்தா இன்னும் மோசம். பம்ப் அதிகமா உறிஞ்ச வேண்டி வரும், காத்தும் அதிகமா உள்ளே வரும். அறிகுறி: பம்ப் சத்தம் மாறும், பிரஷ்ல தண்ணி விக்கி விக்கி வரும்.

உறுதிப்படுத்த ஒரு பக்கெட் போதும். டேங்க் பைப்பைக் கழட்டிட்டு, ஒரு புது டியூப்பை நேரா பக்கெட்லேர்ந்து பம்புக்குக் கொடுங்க. விக்கல் நின்னா பம்ப் நல்லவன், பழி பழைய பைப், ஃபில்டர் மேல. விக்கல் தொடர்ந்தா மட்டும் பம்பைச் சந்தேகப்படுங்க. டிரான்ஸ்பரன்ட் டியூப்பா இருந்தா குமிழி ஓடுறதைக் கண்ணாலயே பார்க்கலாம்.

அடுத்து, தள்ளிச் செருகுற ஃபிட்டிங். ஸ்பேனரே இல்லாம பைப்பை உள்ளே தள்ளினா பிடிச்சுக்கும். உள்ளே இருக்குற பல்லு பைப்பைப் பிடிக்கும், ஓ-ரிங் தண்ணியைப் பிடிக்கும். ரெண்டும் வேற வேற வேலை. பைப்பை ஆக்ஸா பிளேடால கோணலா வெட்டியிருந்தாலோ, நுனியில கீறல் இருந்தாலோ பல்லு பிடிச்சிருக்கும், ஆனா ஓ-ரிங் தோத்துடும். நேரா வெட்டி, பிசிறு எடுத்து, முட்டுற வரைக்கும் தள்ளணும்.

அடுத்தவர் பெரிய கேடி. பேரு மரை! பிரிட்டன்ல பைப் மரை பி.எஸ்.பி. அமெரிக்காவுல என்.பி.டி. அரை இன்ச் சைஸ்ல ரெண்டுக்குமே இன்ச்சுக்கு 14 மரைதான். அதனால ஒண்ணுக்குள்ள ஒண்ணு அழகா ஏறிடும். ஆனா பி.எஸ்.பி. மரையோட கோணம் 55 டிகிரி, என்.பி.டி. 60 டிகிரி. சந்து விழும், சொட்டும். 3/8 இன்ச்ல ஒண்ணு 19 மரை, இன்னொண்ணு 18. நாலு சுத்து ஏறிட்டு முறைச்சுக்கும். அமெரிக்க மரை போட்ட பம்புல பிரிட்டிஷ் ஃபிட்டிங்கை மாட்டிட்டு, எவ்வளவு டெஃப்லான் டேப் சுத்தினாலும் நிக்கலையேன்னு புலம்பினா தப்பு டேப் மேல இல்லை. ஜாதகம் பார்க்காம செஞ்ச கல்யாணம் அது!

நாலாவது, ஹோஸ் ரீலோட நடுத்தண்டு. ரீல் சுத்தும், ஆனா தண்ணி வர்ற பைப் சுத்தக் கூடாது. நடுவுல இருக்குற சுழலும் ஜாயின்ட்ல ஓ-ரிங் தேயும். ரீலைச் சுத்தும்போது மட்டும் சொட்டினா இவர்தான். மாத்தும்போது சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. கையில கிடைச்ச பெட்ரோலிய கிரீஸைத் தடவினா, இ.பி.டி.எம். ரப்பரா இருந்தா உப்பிப் போயிடும்.

கடைசியா பம்ப். மோட்டாரும் பம்ப் தலையும் சேருற இடத்துலேர்ந்து தண்ணி வந்தா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம். அதைத் தள்ளிப்போடாதீங்க. அடுத்து தண்ணி போறது மோட்டார் பேரிங்குக்குள்ள.

பொதுவான ஒரு ரூல்: இறுக்கினா லீக் நிக்கும்னு நம்பாதீங்க. பிளாஸ்டிக் மரையை பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கினா விரிசல் விடும். கிளிப்பை ஓவரா இறுக்கினா டியூபை அறுக்கும். ஓட்டை இருக்குற இடம் தெரியாத வரைக்கும் பலம் காட்டி பிரயோஜனம் இல்லை.

சைடு பிட் (எக்ஸாம் ஹாலுக்கு இல்லை!)

* ஸ்க்ரூ டிரைவரால இறுக்குற ஹோஸ் கிளிப்பை 1921-ல காப்புரிமை வாங்கிக் கொண்டுவந்தவர் லம்லி ராபின்சன், பிரிட்டிஷ் கடற்படை கமாண்டர். பிரிட்டன்ல அதை இன்னிக்கும் 'ஜூபிலி கிளிப்'னுதான் கூப்பிடுறாங்க.

* டெஃப்லான் டேப்ல இருக்குற பி.டி.எஃப்.இ.யை அமெரிக்காவுல ராய் பிளங்கெட் கண்டுபிடிச்சது 1938 ஏப்ரல் 6. குளிர்சாதன வாயு ஆராய்ச்சியில எதேச்சையாச் சிக்கினது!

* வாஷர் வெச்சு மூடுற நேர் மரைக்கு டேப் பெருசா உதவாது. அங்கே தண்ணியைப் பிடிக்கிறது வாஷர்தான். டேப்புக்கு வேலை கூம்பு மரையில.

குளிர்காலத்துல ஹீரோ வில்லன் ஆவார்

தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவிகிதம் பெருக்கும். பம்ப் தலை, ஃபில்டர் கிண்ணம், ஃபிட்டிங் எதுலயாவது தண்ணி மாட்டி ராத்திரியில உறைஞ்சா விரிசல் விட்டுடும். இதுல கொடுமை என்னன்னா, உறைஞ்சிருக்குற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஐஸே அடைப்பா நிக்கும். உருகினப்புறம்தான் குட்டு வெளிப்படும். அதனால பனி ராத்திரிக்கு முன்னாடி பம்ப்பையும் டியூப்பையும் வடிச்சு விடுறதும், வேனுக்குள்ள சின்ன ஹீட்டர் போடுறதும் அங்கே வழக்கம்.

சரி, ஒரு சொட்டுத் தண்ணிக்கு ஏன் இவ்வளவு பில்டப்? நிறைய வேன்கள்ல முதலாளி, தொழிலாளி, மெக்கானிக் எல்லாம் ஒரே ஆள்தான். வேன் நின்னா அன்னிக்கு வருமானமும் நிக்கும். லீவு போட்டா சம்பளம் தர ஆபீஸ் கிடையாது. ஃபில்டர் மூடியில நழுவின ஒரு ஓ-ரிங்குக்காக முழு பம்பையும் மாத்திட்டு, மறுநாளும் தண்ணி விக்கினா அந்த ஆளோட நிலைமையை யோசிங்க. காசும் போச்சு, நாளும் போச்சு, லீக் மட்டும் அங்கேயே இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. ஜனவரிக் காலை, வேன் கதவுக்கு அடியில சொட்டின தண்ணி நடைபாதையில ஓடி ஐஸா உறைஞ்சிருக்கு. கண்ணுக்கே தெரியாத கண்ணாடித் தகடு அது. அந்த வழியா ஒரு பாட்டி நடந்து வர்றாங்க. லீக் இப்போ அவருடைய வேனோட பிரச்னை மட்டும் இல்லைல்ல?

நமக்கு என்ன பாஸ் இதுல?

இருக்கு. லேப்ல சென்ட்ரிஃப்யூகல் பம்ப் எக்ஸ்பெரிமென்ட் பண்ணும்போது பிரைமிங் நிக்காம தகராறு பண்ணுமே... ஃபுட் வால்வு கசியலாம், இல்லை உறிஞ்சுற பைப் காத்து வாங்கலாம். வீட்டு மோட்டார் 'ஏர் லாக்' ஆச்சுன்னு பிளம்பர் அண்ணன் தலையைச் சொறிவாரே, அங்கேயும் பல நேரம் இதே கதைதான். பம்ப் சைஸ் மாறும், நாடு மாறும், பிரஷர் கூடுன இடத்துலேர்ந்து குறைஞ்ச இடத்துக்குத்தான் எதுவும் போகும்ங்கிறது மாறாது.

வைவாவில் 'பம்ப் தண்ணி ஏத்தலை, என்ன செய்வே?'ன்னு கேட்டா நம்மில் பாதிப் பேர் 'பம்பை மாத்துவேன் சார்'னு சொல்றோம். அடுத்த தடவை இப்படிச் சொல்லிப் பாருங்க: 'முதல்ல கரன்ட்டை ஆஃப் பண்ணுவேன். அப்புறம் லீக் உறிஞ்சுற பக்கமா, தள்ளுற பக்கமான்னு பிரிப்பேன். அதுக்கப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பேன்.' மார்க் கூடுமான்னு கேட்டா, அது எக்ஸ்டர்னல் மூடைப் பொறுத்தது. ஆனா, வீட்டு மோட்டார் மக்கர் பண்ற அன்னிக்கு அம்மாகிட்ட மார்க் கேரன்ட்டி!

அடுத்த வாரம்: ஹாஸ்டல் ரூம் சீலிங் ஃபேன் ஏன் ஆடுது? அதுவரைக்கும் அது கீழ கட்டிலைப் போடாதீங்க. டாட்டா!